புட்டிக்குள் ஏறி இறங்கும் மூச்சு

குழந்தைகள் வார்டில் சில கட்டில்களுக்குக் கீழே, தரையில் ஒரு பிளாஸ்டிக் புட்டி நிற்கும். அதில் கொஞ்சம் தண்ணீர். குழந்தையின் அக்குளுக்குக் கீழே விலாவிலிருந்து இறங்கி வரும் குழாயின் முனை அந்தத் தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் முங்கியிருக்கும். குழந்தை மூச்சை இழுத்தால் குழாய்க்குள் தண்ணீர் ஏறுகிறது; விட்டால் இறங்குகிறது. அழுதால் குதிக்கிறது. தூங்கிவிட்டால் நிதானமாகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் நர்ஸ் இரண்டே விஷயம் சொல்லிவிட்டுப் போவார்: "தண்ணி ஆடுறது நின்னா உடனே கூப்பிடுங்க. புட்டியை மட்டும் கட்டில் மேல தூக்கி வெச்சிடாதீங்கம்மா."

வார்டுப் பேச்சில் இதற்குப் பெயர் ஐ.சி.டி. ஊருக்குப் போனில் சொல்லும்போது, "நிமோனியா முத்தி நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம், குழாய் போட்டிருக்காங்க" என்று ஆகும். அதில் ஒரு சின்னத் திருத்தம். தண்ணீர் நுரையீரலுக்குள் இல்லை. நுரையீரலுக்கு வெளியே, விலாக்கூட்டுக்கு உள்ளே, சாதாரண நாளில் இடம் என்றே சொல்ல முடியாத ஓர் இடத்தில் அது தேங்கியிருக்கிறது.

கழுவிய எவர்சில்வர் தட்டுகளை ஈரத்தோடு அடுக்கி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பிரித்துப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றை வழுக்கித் தள்ளலாம். நேராகத் தூக்கிப் பிரிப்பதுதான் கஷ்டம். புளூரா என்ற சவ்வும் அப்படித்தான். ஒரு படலம் நுரையீரலைப் போர்த்தியிருக்கிறது, இன்னொன்று விலாக்கூட்டின் உள்சுவரில் ஒட்டியிருக்கிறது, நடுவில் ஈரம். அந்த ஈரத்தின் அளவு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.3 மில்லிதான். பதினைந்து கிலோ குழந்தைக்குக் கணக்குப் போட்டால் ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. நுரையீரல் ரப்பர்போலச் சுருங்கப் பார்க்கும். விலாக்கூடு வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். இந்த இழுபறியால் நடுவே அழுத்தம் எப்போதும் வெளியுலகைவிடக் கொஞ்சம் குறைவு. நாம் மூச்சுவிடுவதே இந்த ஒட்டுதலை நம்பித்தான். விலாக்கூடு விரிந்தால் நுரையீரலும் கூடவே விரிந்தாக வேண்டும்.

அந்த ஈரமும் தேங்கிக் கிடப்பதில்லை. இரத்த நுண்குழாய்களிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். விலாப்பக்கச் சவ்விலுள்ள நுண்ணிய வாய்கள் அதை உறிஞ்சி நிணநீர் வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கசிவு பல மடங்கு பெருகினாலும் வடிகால் சமாளித்துவிடும். வீட்டு வடிகால் மழைக்கு அடைத்துக்கொள்வதில்லை, சோற்றுப் பருக்கைக்குத்தான் அடைத்துக்கொள்ளும். இங்கேயும் அப்படி ஒன்று நடந்தால்தான் வம்பு.

நிமோனியா அதைத்தான் செய்கிறது. நுரையீரலின் ஒரு பகுதியில் கிருமி குடியேறினால் அதை ஒட்டிய புளூராவும் சிவந்து வீங்குகிறது. நுண்குழாய்கள் தாராளமாகக் கசிய ஆரம்பிக்கின்றன. முதல் ஓரிரு நாளில் அது வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், உள்ளே கிருமியே இருக்காது. நிமோனியாவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கே போதும், பெரும்பாலும் நீர் தானாக வற்றிவிடும். சில குழந்தைகளில் மட்டும் கிருமி அந்த நீருக்குள் புகுந்துவிடுகிறது. பின்னாலேயே வெள்ளணுக்கள் படையாக வந்து இறங்குகின்றன. இரண்டும் சேர்ந்து அங்கிருக்கும் குளுக்கோஸைத் தின்று தீர்த்து அமிலத்தைக் கக்குகின்றன. ஊசி போட்டு எடுத்த நீரில் சர்க்கரை குறைந்து அமிலம் கூடியிருந்தால், உள்ளே சண்டை மும்முரம் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். செத்த வெள்ளணுக்கள் சேரச் சேர நீர் சீழாகிறது. இந்தக் கட்டத்துக்கு எம்பையிமா என்று பெயர்.

சீழைவிடத் தொல்லை கொடுப்பது இன்னொன்று. விழுந்து முட்டி சிராய்ந்தால் இரத்தத்தை உறையவைக்க உடம்பு ஒரு நூல் நூற்கும். அதன் பெயர் ஃபைப்ரின். கிருமி பரவாமல் வேலி போட இங்கேயும் அதே நூலை நூற்கிறது. சாதாரண நாளில் நூற்கும் கையும் பிரிக்கும் கையும் ஒன்றுக்கொன்று ஈடு. வீக்கம் கண்ட புளூராவிலோ பிரிக்கும் கை கட்டிப்போடப்படுகிறது. நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, ஒரே குட்டையாக இருந்த நீரைப் பத்து இருபது அறைகளாகத் தடுக்கிறது. வடிகால் வாய்களையும் மூடிவிடுகிறது. அப்படியே வாரக்கணக்கில் விட்டால் நூல்வலை தடித்துத் தோலாகி, நுரையீரலைச் சுற்றி இறுகும். பெரியவர்களுக்கு அந்த நிலை வந்தால் நெஞ்சைத் திறந்து, பழத்தோலை உரிப்பதுபோல் அதை உரித்தெடுக்க வேண்டியிருக்கும். 1890களிலிருந்து செய்யப்பட்டு வரும் பெரிய அறுவை அது.

இத்தனையும் வெளியே எப்படித் தெரியும்? நிமோனியாவுக்கு மருந்து தொடங்கி நாற்பத்தெட்டு மணி நேரமாகியும் காய்ச்சல் அடங்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இதுதான். குழந்தை நோயுள்ள பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்கும், அந்தப் பக்கம் அசைந்தால் வலி என்பதால். சில குழந்தைகள் நெஞ்சைக் காட்டவே காட்டாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். நுரையீரலைப் போர்த்திய படலத்துக்கு வலி தெரியாது. விலாச்சுவரின் படலத்துக்கு நன்றாகவே தெரியும். அதன் கீழ்ப்பகுதிக்கு வரும் நரம்புகளே வயிற்றுச் சுவருக்கும் போகின்றன. குடல்வால் வீக்கம் என்று நினைத்து ஸ்கேனுக்கு அனுப்பப்பட்ட குழந்தைக்குக் கடைசியில் நெஞ்சில் நீர் இருந்தது என்பது குழந்தை மருத்துவர்களுக்குப் பழக்கமான கதை.

பிறகு தட்டிப் பார்ப்பது. சந்தையில் பலாப்பழத்தையும் மண்பானையையும் தட்டி வாங்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருத்துவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் லியோபோல்ட் அவுன்புருக்கர், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயில் ஒயின் எதுவரை இருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் வழக்கத்திலிருந்து யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். நெஞ்சைத் தட்டிக் கேட்பதைப் பற்றிய அவருடைய நூல் 1761இல் வந்தது. காற்றுள்ள நுரையீரல் 'டொம்' என்று ஒலிக்கும்; நீர் நிற்கும் இடம் கல்லைத் தட்டினாற்போல் செத்துக் கிடக்கும். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லயெனெக் இன்னொன்றைக் கவனித்தார்: நீர் மட்டத்தின் விளிம்பில் குழாயை வைத்து நோயாளியைப் பேசச் சொன்னால், குரல் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் கேட்கும். இன்றைக்கு முடிவு சொல்வது அல்ட்ராசவுண்ட். நீர் எவ்வளவு என்பதோடு, உள்ளே வலை பின்னியிருக்கிறதா என்பதையும் அது காட்டும். திரையில் அது சிலந்திக்கூட்டையும் தேன்கூட்டையும் கலந்ததுபோல் இருக்கும். கதிர்வீச்சு கிடையாது, கட்டிலுக்கே கொண்டுவந்துவிடலாம். எடுத்தவுடன் சி.டி. ஸ்கேன் வேண்டும் என்று டாக்டரை நெருக்கும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

சீழ் இருந்தால் வெளியேற்று என்பது மிகப் பழைய அறிவு. ஹிப்பாகிரட்டீஸின் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில், நோயாளியின் தோளைப் பிடித்து உலுக்கி உள்ளே தளும்பும் ஒலி கேட்கிறதா என்று காது வைக்கச் சொல்லியிருக்கிறது. விலா இடுக்கில் கீறியோ விலா எலும்பிலேயே துளையிட்டோ சீழை எடுத்து, நூல் கட்டிய துணித்திரியால் துளையை அடைத்து, நாளுக்குக் கொஞ்சமாக வடிக்கும் முறையும் உண்டு. வெள்ளையாக வந்தால் பிழைப்பான், சேறாக நாறிக்கொண்டு வந்தால் பிழைக்கமாட்டான் என்ற கணிப்பும் உண்டு. ஆனால் வடிப்பதற்காகப் போட்ட துளையே ஆளைக் கொல்லும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாரிஸின் பெயர்போன அறுவை நிபுணர் துய்புய்த்ரென் 1835இல் இதே நோயில் விழுந்தபோது, தன் உடம்பில் கத்தி வைக்க ஒப்புக்கொள்ளாமலே இறந்துபோனார். கத்தியை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

துளை ஏன் கொன்றது என்பதைப் புரியவைத்தது முதல் உலகப் போர். 1917, 18ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா லட்சக்கணக்கில் இளைஞர்களைத் திரட்டிப் பயிற்சி முகாம்களில் அடைத்தது. தட்டம்மை பரவியது, அதன்மேல் இன்ஃபுளூயன்சா வந்தது, அதன்மேல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி உண்டாக்கும் நிமோனியா. நெஞ்சில் நீர் குடம் குடமாகச் சேர்ந்தது. முகாம் டாக்டர்கள் பாடப் புத்தகப்படி உடனே விலாவை அறுத்து நெஞ்சைத் திறந்தார்கள். பத்துப் பேரில் மூன்று பேர் செத்தார்கள்; சில முகாம்களில் அதைவிட மோசம். காரணம் தேட ராணுவம் 1918இல் ஒரு எம்பையிமா ஆணையத்தை அமைத்தது. அதிலிருந்த எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை நிபுணர், ரிச்சர்ட் பெல்லோடு சேர்ந்து நாய்களை வைத்துச் சோதித்தார்.

அதுவரை நம்பப்பட்டது இது: நெஞ்சின் நடுவே இதயத்தைத் தாங்கியிருக்கும் திசுக்கள் ஒரு சுவர், வலப்பக்கத்தைத் திறந்தால் வலது நுரையீரல் மட்டும் சுருங்கும், இடது காப்பாற்றிவிடும். கிரஹாம் கண்டது வேறு. அது சுவரில்லை, திரைச்சீலை. ஒரு பக்கத் துளை வழியே காற்று புகுந்தால் திரை மறுபக்கம் ஒதுங்கி, இரண்டு நுரையீரலும் நசுங்குகின்றன. நிமோனியாவால் ஏற்கெனவே பாதி மூச்சில் இருப்பவனுக்கு அதைத் தாங்கத் தெம்பேது? முன்பெல்லாம், நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு கிருமியான நிமோகாக்கஸின் சீழ் கெட்டியாகிற வரை காத்திருந்து திறந்தபோது நோயாளிகள் பிழைத்ததற்கும் இப்போது விடை கிடைத்தது. அதற்குள் ஃபைப்ரின் நூல் நுரையீரலை விலாச்சுவரோடு ஒட்டித் தைத்திருக்கும். துளை போட்டாலும் அது சுருங்கிப்போக வழியில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸோ நூல் பிடிப்பதற்குள் நீரைப் பெருக்கிவிடுகிறது. முதல் வாரத்தில் திறக்காதே, ஊசியால் எடு, காற்று புகாத குழாயால் வடி, நன்றாகச் சாப்பாடு போடு என்று ஆணையம் எழுதிக் கொடுத்தது. அதைப் பின்பற்றிய இடங்களில் சாவு பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஆன்டிபயாடிக் ஒரு சொட்டு இல்லாத காலம் அது. ஒரு துளையை எப்போது போடக்கூடாது என்று தெரிந்ததற்கே அத்தனை பலன். மறு ஆண்டு டிசம்பரில், நவீன மருத்துவக் கல்வியின் தந்தை என்று போற்றப்படும் வில்லியம் ஆஸ்லர் ஆக்ஸ்ஃபோர்டில் இதே நோயில், அறுவைக்குப் பிறகும் பிழைக்காமல் இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காற்று புகாத குழாய்தான் கட்டிலுக்குக் கீழேயுள்ள புட்டி. ஹாம்பர்க்கில் பணியாற்றிய கோட்ஹார்ட் பியூலாவ் 1891இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். இவ்வளவு மலிவான புத்திசாலித்தனம் மருத்துவத்தில் அபூர்வம் என்பேன். நெஞ்சிலிருந்து சீழோ காற்றோ வெளியே வர, முங்கியிருக்கும் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீரைத் தள்ளினால் போதும். வெளிக்காற்று உள்ளே போக வேண்டுமானால் முதலில் தண்ணீரை உறிஞ்சியாக வேண்டும். குழந்தை எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் குழாயில் கொஞ்ச தூரம்தான் ஏறும், கட்டில் உயரத்துக்கு வராது. தண்ணீரே கதவு, தண்ணீரே தாழ்ப்பாள். புட்டியை நெஞ்சுக்கு மேலே தூக்கினால் அந்தக் கதவு திறந்துகொண்டு தண்ணீர் முழுவதும் குழந்தையின் நெஞ்சுக்குள் பாயும். நர்ஸ் அம்மா சொல்லிவிட்டுப் போனது அதனால்தான்.

ஆனாலும் குழாய் ஓர் அறையைத்தான் வடிக்கும். வலை பின்னிய மற்ற அறைகளை என்ன செய்வது? இதற்குக் கிடைத்த விடையின் கதைதான் எனக்கு இந்த நோயிலேயே மிகவும் பிடித்த பகுதி.

1933இல் அமெரிக்காவில் வில்லியம் டில்லெட் என்ற மருத்துவ ஆய்வாளர், ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஃபைப்ரினும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று சோதனைக் குழாய்களில் பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தநீர் எதிர்பார்த்தபடி உறைந்து கட்டியானது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கட்டியைக் காணோம். குழாய்க்குள் வெறும் நீர். கிருமி வெளியிட்ட ஏதோ ஒன்று வலையைக் கரைத்திருந்தது. யோசித்தால் நியாயம்தான்: உடம்பு வேலி போட்டு அடைத்தால் கிருமியிடம் வேலியை அறுக்க ஒரு கத்தரிக்கோல் இருக்காதா? பிற்பாடு அதற்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர் வந்தது. உண்மையில் அது தானே அறுப்பதில்லை. நம் இரத்தத்திலேயே உறங்கும் பிரிக்கும் கையை எழுப்பிவிடுகிறது. 1949இல் டில்லெட்டும் சால் ஷெர்ரியும், எம்பையிமா நோயாளிகளின் நெஞ்சுக்குள் அதைச் செலுத்தி, கட்டிப்போன சீழ் நீர்த்து வடிவதைக் கண்டார்கள். கூடவே அதே கிருமியின் இன்னொரு நொதியும் இருந்தது. செத்த வெள்ளணுக்களிலிருந்து கொட்டும் டி.என்.ஏ. இழைகள்தான் சீழைப் பசையாக்குகின்றன. அந்த இழைகளை வெட்டுவது அதன் வேலை. திருடனின் சாவிக்கொத்தைப் பிடுங்கி அவன் பூட்டிய வீட்டையே திறந்ததுபோல என்று எழுதக் கை வருகிறது. ஆனால் பூட்டியது திருடனில்லை, நம் உடம்பு. அதுதான் இதில் வேடிக்கை.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் கிருமியின் புரதம் என்பதால் காய்ச்சலும் ஒவ்வாமையும் கூடவே வந்தன. அதே வேலையைச் செய்யும் மனித நொதிகள் பிறகு கைக்கு வந்தன. யூரோகைனேஸ் முதலில் கிடைத்தது மனிதச் சிறுநீரிலிருந்து. பெயரிலேயே அது இருக்கிறது. பிரிட்டனில் பத்து மருத்துவமனைகளில் 60 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 40,000 யூனிட் மருந்தை 40 மில்லி சலைனில் கலந்து குழாய் வழியே செலுத்தி, நாலு மணி நேரம் குழாயை மூடி வைத்து, பிறகு திறந்துவிடுவது. நாளுக்கு இரு வேளை, மூன்று நாள். வெறும் சலைன் செலுத்தப்பட்ட குழந்தைகள் சராசரி 9.5 நாளில் வீட்டுக்குப் போனார்கள், மருந்து போனவர்கள் 7.4 நாளில். வலையை இன்னொரு வழியிலும் அகற்றலாம்: விலாவில் இரண்டு மூன்று சிறு துளை, ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவி, உள்ளே போய் வலையைக் கலைத்துக் கழுவிவிடுவது. பார்க்க இதுதான் துப்புரவான வழி என்று தோன்றும். 2006இல் லண்டனிலும் 2009இல் அமெரிக்காவிலும் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். குழந்தைகள் வீடு திரும்பிய நாளில் வித்தியாசம் இல்லை, செலவில்தான் இருந்தது. அதனால் பல இடங்களில் முதலில் குழாயும் நொதியும், அதற்கு மசியாத சிலருக்கே கேமரா என்று வழக்கமாயிற்று.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பெரியவர்களில் ஃபைப்ரினைக் கரைக்கும் மருந்து தனியாகப் பலன் தரவில்லை, டி.என்.ஏ. வெட்டும் நொதியோடு சேர்த்தால்தான் தந்தது என்று 2011இல் வெளிவந்த சோதனை காட்டியது. அப்படியானால் குழந்தைகளுக்கும் இரண்டையும் கொடுக்கலாமே? கனடாவில் 97 குழந்தைகளிடம் பார்த்து 2020இல் சொன்னார்கள்: சேர்ப்பதால் கூடுதல் பயன் ஏதுமில்லை. குழந்தை என்பது சின்ன அளவில் ஒரு பெரியவர் இல்லை என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்ததற்கு இது இன்னொரு சாட்சி.

கிருமிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல நாடுகளில் முதல் குற்றவாளி நிமோகாக்கஸ். நம் நாட்டில் ஸ்டஃபைலோகாக்கஸுக்கும் பெரிய பங்கு உண்டு. தோலில் கொப்புளமாகத் தொடங்கி இரத்தம் வழியே நெஞ்சுக்கு வந்து சேரக்கூடியது அது. டாக்டர் நெஞ்சைப் பார்க்கும்போதே தொடையில் கட்டி வந்ததா என்று கேட்பது இதற்காக. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு நாள்பட்ட காய்ச்சலோடு நீர் இருந்தால் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதும் இலவசத் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ஜூலையில். குழந்தையின் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. அமெரிக்காவில் ஏழு வகை நிமோகாக்கஸுக்கான தடுப்பூசி 2000இல் வந்தபோது நிமோனியா குறைந்தும் எம்பையிமா கூடியது. ஊசியில் இல்லாத வகைகள் காலியான இடத்தைப் பிடித்துக்கொண்டன. பதின்மூன்று வகைகளுக்கான ஊசி வந்த பிறகுதான் அது இறங்கியது.

குழாய் போட்ட அன்றே காய்ச்சல் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கும் பெற்றோர்தான் வார்டில் அதிகம் தவிப்பவர்கள். சரியான மருந்து போய்க்கொண்டிருந்தாலும் சில நாள்கள் காய்ச்சல் ஏறி இறங்கும். இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை இரண்டாவது வாரத்தில் எகிறும்; டெங்குக் காலத்தில் குறைவதைப் பார்த்தே பயந்து பழகிய நமக்கு, கூடினாலும் பயம். இது தானாக இறங்கிவிடும். குழந்தை நோயுள்ள பக்கம் சாய்ந்து கூனி நடக்கும். முதுகெலும்பு வளைந்துவிட்டதோ என்று தோன்றும். வலி போனால் அதுவும் நிமிரும்.

ஒரு நாள் காலை புட்டியில் தண்ணீர் ஆடாமல் நிற்கும். குழாய் எங்காவது மடங்கியிருக்கலாம், அடைத்திருக்கலாம். அல்லது நுரையீரல் முழுவதும் விரிந்து விலாச்சுவரைத் தொட்டு, குழாய்க்கு இடமில்லாமல் செய்திருக்கலாம். எது என்று படமெடுத்துப் பார்ப்பார்கள். நுரையீரல் விரிந்ததுதான் காரணமென்றால் குழாயை எடுத்துவிடுவார்கள்.

அப்போதும் எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் வெள்ளையாக, தடித்துத்தான் தெரியும். பெரியவர்களில் இந்த நோய் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர்வரை இறக்கிறார்கள். வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரத்தோடு வந்துசேர்ந்த குழந்தைகளில் சாவு அபூர்வம். பெரியவர்களுக்குக் கத்தியால் உரிக்க வேண்டிய அந்தத் தோலைக் குழந்தையின் உடம்பு தானே கரைத்துக்கொள்கிறது, மாதக்கணக்கில், யாருக்கும் தெரியாமல், பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே. மூன்றிலிருந்து ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கும் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நோய் வந்தது இடமா வலமா என்று அறிய, சட்டையைத் தூக்கி விலாவில் குழாய் போட்ட தழும்பைத்தான் தேட வேண்டும்.